எஞ்சினை விற்றவர்

எர்மெஸின் இடது முழங்காலில் உலோக மூட்டு வைத்த டாக்டர், இனிமேல் படி ஏறலாம், சைக்கிள் ஓட்டலாம், ஆசைப்பட்டால் நடனம்கூட ஆடலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். எழுபத்தாறு வயது எர்மெஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"கிளட்ச் மிதிக்கலாமா டாக்டர்?"

"எந்த வண்டி?"

"பெல்லெந்தானி. அறுபத்தேழாம் வருஷத்தது."

டாக்டரும் மோதெனாக்காரர்தான். அந்தப் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த காகிதங்களைக் கட்டில்மேல் வைத்துவிட்டார். "அது உங்ககிட்டயா இருக்கு? அந்தக் கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும்னு எங்கப்பா சொல்லுவார். ஐயோ, வேண்டவே வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டி ஒண்ணா பாத்து மாத்திக்குங்க."

கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த நீவெஸ் உரிப்பதை நிறுத்தினாள். புருஷனுக்குக் கால் சரியாகிவிட்டது என்ற நிம்மதி அவளுக்கு அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. மாற்றுவது என்றால் யாராவது வந்து பார்ப்பார்கள். பார்ப்பவர்கள் வண்டியின் மூக்கைத் திறப்பார்கள்.

இத்தாலியில், மோதெனாவில் ஒரு பட்டறையில் கிழவர் பெல்லெந்தானி தன் கைப்பட மொத்தம் தொண்ணூறு கார்கள்கூடச் செய்திருக்க மாட்டார். அதற்குள் பட்டறை மூழ்கிவிட்டது. அந்தத் தொண்ணூறில் பன்னிரண்டு கார்களுக்கு மட்டும் பந்தயத்துக்கென்று தனியாக எஞ்சின் வடித்து, ஒவ்வொன்றிலும் நீளமான தொடர் எண் பொறித்திருந்தார். அந்தப் பன்னிரண்டில் எர்மெஸிடம் இருந்தது ஒன்பதாவது. ஒயின் நிறம், இரண்டே இருக்கை. சஸ்ஸுவோலோவில் ஓட்டுத் தொழிற்சாலையில் சூளை மேஸ்திரியாக இருந்தபோது, கல்யாணத்துக்கு முந்தின வருஷம், ஒரு விதவையிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. அது நின்ற கொட்டகைக்குக் கணப்பு வைத்து இரண்டு குளிர்காலம் கழித்துத்தான் மகள் மொரேனாவின் அறைக்கு வைத்தான். ஈரம் பட்டால் வண்டிக்கு ஆகாது என்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைப்பாதையில் ஒரு சுற்று போய்விட்டு, நேரே பாருக்கு வந்து நின்றபடியே ஒரு கிளாஸ் லம்புரூஸ்கோ ஒயின் குடிப்பான். "என் கண்ணைக் கட்டி நிறுத்துங்கடா. நூறு எஞ்சினை ஒண்ணா முடுக்குங்க. என்னோடது எதுன்னு நான் சொல்றேன்" என்பான். பாரில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். யாராவது ஒருவன், "எர்மெஸுக்கு இன்னொரு கிளாஸ் ஊத்தும்மா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். எர்மெஸும் சேர்ந்து சிரிப்பான்.

ஆனால் ஒன்பதாம் எண் எஞ்சின் அந்த வண்டியில் இருபத்தேழு வருஷமாக இல்லை.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். மொரேனாவுக்குப் பதினாறு வயது. முதுகெலும்பு பாம்பு மாதிரி வளைந்துகொண்டே போனது. இடுப்பிலிருந்து கழுத்துவரை இறுக்கும் சட்டையை மூன்று வருஷம் மாட்டியும் வளைவு நிற்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிரான்ஸில், லியோனில் ஒரு மருத்துவர் இதைத் திறந்து நிமிர்த்துகிறார், ஆனால் தனியார் மருத்துவமனை என்று சொன்னார்கள். நீவெஸ் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல், கேட்டுவிட்டாள்.

"வண்டியை வித்துடலாமா எர்மெஸ்?"

"என்னது?"

"மொரேனாவுக்காக."

"முதுகு கொஞ்சம் கோணினா உசிரா போயிடும்? டாக்டருங்களுக்கு அறுக்கறதுதான் தொழில். அறுத்துக்கிட்டே இருக்கணும் அவங்களுக்கு. சட்டை போட்டிருக்கா இல்ல? வளந்தா சரியாயிடும்." கொஞ்சம் கழித்து, "இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்ல வேண்டாம்" என்றான்.

பிப்ரவரியில் அவனை ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தொழிற்சாலையில் புதுச் சூளைகளை ஓடவைக்க ஐந்து மாத வேலை. போகும்போது கொட்டகைச் சாவியை மெக்கானிக் அடெல்மோவிடம் கொடுத்து, சனிக்கிழமை தவறாமல் எஞ்சினை முடுக்கிவிடு என்று மூன்று முறை சொன்னான். ரயில் கிளம்பும்போது மொரேனாவின் கன்னத்தைத் தட்டி, நேரா நில்லு என்றான்.

மறுவாரமே நீவெஸ் அடெல்மோவின் பட்டறைக்குப் போனாள். அவன் கைகளைத் துணியில் துடைத்தபடி முழுவதும் கேட்டான்.

"வண்டியை வித்தா வந்ததுமே தெரிஞ்சிடும். வண்டி அங்கேயே நிக்கட்டும் நீவெஸ். உள்ள இருக்கறதை வித்தா?"

தன்னுடைய எஞ்சினை உடைத்துக்கொண்டு, பன்னிரண்டில் ஒன்றுக்காக அலைந்துகொண்டிருந்த சுவிஸ்காரன் ஒருவனை அடெல்மோவுக்குத் தெரியும். பள்ளத்தில் விழுந்து நசுங்கிய இன்னொரு பெல்லெந்தானியின் சாதாரண எஞ்சின் பட்டறை மூலையில் கிடந்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வார்ப்பு, வித்தியாசமெல்லாம் உள்ளேதான். அடெல்மோ மூன்று நாளில் மாற்றி முடித்தான். பழைய எண்ணை ராவி எடுத்துவிட்டு, ஒன்பதாம் வண்டியின் எண்ணை அச்சு வைத்துச் சுத்தியலால் அவனே அடித்தான். தனக்கென்று ஒரு லீராகூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் லியோனில் ஆபரேஷன் நடந்தது. ஏழு மணி நேரம். நீவெஸ் தனியாகத்தான் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்பெயினிலிருந்து எர்மெஸ் தொலைபேசியில் கேட்டபோது, ஜனவரியில் செத்துப்போன அர்ஜியா அத்தை பணம் எழுதிவைத்திருந்ததாகச் சொன்னாள். கன்னியாகவே இருந்து தையல் வேலை செய்து செத்த அந்த அத்தை விட்டுப்போனது ஒரு மேஜையும் இரண்டு கோழிகளும். எர்மெஸ் நம்பினான். "நல்ல மனுஷி" என்றான். அடுத்து, "அடெல்மோ வண்டியை முடுக்கறானா?" என்றான்.

ஜூலையில் திரும்பி வந்தவன் அந்த ஞாயிறே வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான். நீவெஸ் கையில் பாத்திரத் துணியோடு இரண்டு மணி நேரம் ஜன்னலிலேயே நின்றாள். அவன் முகமெல்லாம் சிவந்து, நேரே அடெல்மோவின் வீட்டு வாசலில் போய் இறங்கி, அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"என்னடா பண்ணித் தொலைச்ச? முன்ன மாதிரி உறுமல, பாடுது! இப்பதான்டா அது வயசுக்கு வந்திருக்கு!"

அடெல்மோ தரையைப் பார்த்தபடி, "கார்புரேட்டரைக் கொஞ்சம் சுத்தம் பண்ணேன்" என்றான்.

இப்படியே இருபத்தேழு வருஷம் ஓடியது.

இப்போது காலில் புது மூட்டோடு வீடு வந்த எர்மெஸ், மோதெனா விற்பனைக்கூடத்தில் ஒரு வண்டி பார்த்துவிட்டான். ஆறு வருஷமே ஓடிய வண்டி, சாம்பல் நிறம், இரண்டு இருக்கை, கிளட்ச்சே கிடையாது. ஒன்பதாம் எண் பெல்லெந்தானியைக் கொண்டுவந்தால் சாவிக்குச் சாவி மாற்றிக்கொள்ளலாம், மேலே ஒரு தொகையும் தருகிறேன் என்றான் கடைக்காரன். கோடை முழுவதும் எர்மெஸுக்கு இதே புலம்பல்தான். காலையில் கொடுத்துவிடுகிறேன் என்பான். மத்தியானம் கொட்டகைக்குப் போய் வண்டியின் மூக்கைத் தடவிவிட்டு வந்து, எப்படிக் கொடுப்பேன் என்பான்.

"குடுக்காதே" என்றாள் நீவெஸ்.

"என்ன சொல்ற?"

"குடுக்காதேங்கறேன். நிக்கட்டுமே, அது பாட்டுக்கு. ஓட்டலைன்னா என்ன? வாரத்துக்கு ஒரு தடவை துடைச்சு வெச்சுக்க."

எர்மெஸ் கரண்டியைக் கீழே வைத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்த வண்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அவன் கண் கலங்கிவிட்டது. "உனக்கும் அதுமேல பிரியம் இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் நீவெஸ் உட்கார்ந்திருந்தாள்.

அடெல்மோவிடம் போய்க் கேட்டபோது அவனும் கொடுக்காதே என்றுதான் சொன்னான். வண்டிமேல் ஊருக்கே இவ்வளவு பாசமா என்று பெருமையோடு திரும்பி வந்தான் எர்மெஸ்.

ஆனால் அக்டோபரில் ஒரு ஞாயிறு, மலையிறக்கத்தில் கிளட்ச்சை மிதிக்க முடியாமல் வேலியில் உரசிவிட்டான். அதோடு தீர்மானமாகிவிட்டது. மாற்றுவதற்கு முன் பொலோஞாவிலிருந்து பழைய கார் சங்கத்து ஆள் வந்து பார்த்துச் சான்று தரவேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டான்.

புதன்கிழமை நீவெஸ் அடெல்மோவைப் பார்க்கப் போனாள். அவனுக்கு எண்பத்தொரு வயது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு நாற்காலியில் கிடந்தான்.

"வரட்டும் நீவெஸ். நான் இன்னும் எத்தனை நாளைக்கு? என்ன, சாகறதுக்குள்ள போலீஸ்காரன் வாசல்ல வந்து நின்னா என் பொண்ணுக்கு அசிங்கம். அது ஒண்ணுதான்."

"உன் பேர் வராது. நான் பாத்துக்கறேன்" என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியாது.

வியாழக்கிழமை சங்கத்திலிருந்து வந்தவள் இலாரியா என்று முப்பது வயதுப் பெண். விளக்கும், நீளக் குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடியுமாக நாற்பது நிமிஷம் வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. எர்மெஸ் பேசிக்கொண்டே இருந்தான். கிழவர் பெல்லெந்தானியை நேரில் பார்த்த கதை, மலைச்சுற்றில் ஜெர்மன்காரனைப் பின்னுக்குத் தள்ளிய கதை. நீவெஸ் காப்பித் தட்டோடு கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இலாரியா நிமிர்ந்து எர்மெஸைப் பார்த்தாள். "சிஞ்ஞோர் பொனாச்சீனி, இந்த நாலை யார் போட்டாங்க?"

"எந்த நாலு?"

"எண்ல ரெண்டு நாலு இருக்கு பாருங்க. பெல்லெந்தானி பட்டறையோட அச்சுல நாலுக்கு மேல் பக்கம் திறந்திருக்கும். இது மூடியிருக்கு. இது வேற அச்சு." கொஞ்சம் தயங்கினாள். "மூடியைக் கழட்டியும் பாத்துட்டேன். இது பந்தய எஞ்சின் இல்லைங்க. சாதாரணது."

"கண்ணாடியைத் துடைச்சுட்டு இன்னொரு தடவை பாரும்மா. நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து நான் இதை ஓட்டறேன். இதோட குரல் எனக்குத் தெரியும்."

"தெரியும்னுதான் நானும் நெனச்சேன்" என்றாள் அவள், மரியாதையாகவே. அது அவனைச் சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது.

எண்ணைத் திருத்தியது குற்றம் என்பதை அவள் வருத்தத்தோடுதான் சொன்னாள். யார், எப்போது மாற்றினார்கள் என்று சொந்தக்காரரே எழுதிக் கொடுத்தால், எஞ்சின் மாற்றிய வண்டி என்று பதிந்துகொண்டு விட்டுவிடுவார்கள். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றால் போலீஸில் புகார் கொடுத்தாக வேண்டும். விசாரணை முடியும்வரை வண்டியை யாருக்கும் கைமாற்ற முடியாது.

அவள் போனபிறகு எர்மெஸ் கொட்டகையில் உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினான். அணைத்தான். மறுபடி முடுக்கினான். அடுப்படியிலிருந்து நீவெஸ் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு தடவை. பிறகு உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.

"அடெல்மோவா?"

"நான்" என்றாள் நீவெஸ்.

எல்லாவற்றையும் சொன்னாள். சொல்வதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மொரேனாவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. அவன் அந்த இடத்தில் ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் கேட்டது வேறு.

"அப்ப அர்ஜியா அத்தை?"

"அவ என்ன வெச்சுட்டுப் போனா? ரெண்டு கோழி."

"இருபத்தேழு வருஷமா அந்தக் கிழவி கல்லறைக்குப் பூ வாங்கிட்டுப் போனேனேடி! உன் சொந்தக்காரின்னு நீகூடப் போகல, நான் போனேன்!"

நீவெஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுக்கத்தில் வந்த சிரிப்புதான். அவன் முகம் வெளுத்துப்போனது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"மொரேனாவுக்கு. அப்புறம்... அடெல்மோ ஒரு தடவை குடிச்சுட்டு பார்ல உளறிட்டான். ரொம்ப நாளாச்சு."

"எவ்வளவு நாள்?"

"இருபது வருஷம் இருக்கும்."

எர்மெஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஊற்றும்மா இன்னொரு கிளாஸ் என்ற குரல்கள். மேஜை விரிப்பின் பூக்களை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். மகளின் முதுகைப் பற்றி ஒரு சொல் அப்போதும் வரவில்லை.

மூன்று நாள் அவன் பேசவில்லை. பாருக்கும் போகவில்லை. நான்காம் நாள் காலையில் சங்கத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டிய தாளை மேஜையில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். நீவெஸ் எதிரில் உட்கார்ந்தாள்.

"என் பேரை எழுது. வித்தது நான்தானே. அடெல்மோ பேரு மட்டும் வேண்டாம் எர்மெஸ். அவன் கெடக்கற கெடப்பைப் பாத்தியா? அவனுக்கு ஒரு காசு லாபமில்ல அதுல."

அவன் பேனாவைத் தொடவில்லை. அவளே வேறொரு தாள் எடுத்து எழுத ஆரம்பித்தாள். இன்ன வருஷம், இன்ன மாதம், என் கணவருக்குத் தெரியாமல், என் மகளின் சிகிச்சைக்காக, நான் இந்த எஞ்சினை விற்றேன்; எண் போடவைத்ததும் நானே. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓட்டுத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கப் போனவள் அவள். தனக்கென்று இப்படி ஒரு தாள் எழுதியதே இல்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது பயத்துக்குப் பதிலாக வேறொன்று வந்தது. நான் செய்தேன் என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்து இருக்கிறது. அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

எர்மெஸ் அந்தத் தாளை வாங்கி, நான்காக மடித்து, உள்பையில் வைத்துக்கொண்டான். பெல்லெந்தானியை எடுத்துக்கொண்டு மோதெனாவுக்குப் போனான். சாயங்காலம் சாம்பல் நிற வண்டியில் திரும்பி வந்தான்.

"முடிஞ்சுதா?" என்று வாசலுக்கே ஓடினாள்.

"முடிஞ்சுது. ஒருத்தரும் வரமாட்டாங்க. அடெல்மோ நிம்மதியா இருக்கலாம்."

"எம்பேர்ல...?"

"உனக்கும் ஒண்ணும் வராது. விடு."

அன்றைக்கு நீவெஸ் பூசணி வைத்த தொர்த்தெல்லி செய்தாள். அவன் தட்டில் இரண்டாம் முறையும் போட்டாள். கல்நெஞ்சன் என்று எத்தனை வருஷம் நினைத்துவிட்டோம், அடியில் ஏதோ ஈரம் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்தாள். மொரேனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கப்பா நல்ல மனுஷன்தான் என்றுகூடச் சொன்னாள். மகள் உடனே பேச்சை மாற்றினாள்.

அந்த நினைப்பு இரண்டு வாரம் இருந்தது. ரொட்டிக் கடையில்தான் போனது.

"உன் புருஷன் தங்கம் நீவெஸ்!" என்றாள் கடைக்காரி, ரொட்டியைச் சுற்றாமலே. "எங்க மச்சான் அந்தக் கார் சங்கத்துல இருக்கான். எல்லாம் சொன்னான். மகளோட முதுகுக்காக, அவ்வளவு உசிரா வெச்சிருந்த எஞ்சினை யாருக்கும் தெரியாம வித்தாராமே! உங்கிட்டகூடச் சொல்லாம, அத்தை பணம்னு கதை கட்டினாராமே! எழுதிக்குடுக்கறப்ப அங்கேயே அழுதுட்டாராம். அந்தப் பொலோஞாப் பொண்ணும் அழுதுட்டாளாம்."

நீவெஸ் ரொட்டியை வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். எர்மெஸ் புது வண்டியின் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தான்.

"நீ வித்தேன்னா சொன்ன?"

அவன் கண்ணாடியை மெல்லக் கழற்றினான். "அப்புறம் என்ன சொல்லச் சொல்ற? எம்பொண்டாட்டி என்னை ஏமாத்தினா, இருபத்தேழு வருஷம் எனக்கு ஒண்ணும் புரியலைன்னு எழுதிக் குடுக்கட்டுமா? காது செத்த கெழவன்னு ஊர் முழுக்கச் சிரிக்கவா?"

"ஊருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே."

"பார்ல இருக்கற நாலு பேருக்குத் தெரியும். அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். நானேதான் அடெல்மோவை எம்பொண்டாட்டி வித்ததாச் சொல்லச் சொன்னேன், எல்லாம் எனக்குத் தெரிஞ்சுதான் நடந்துதுன்னு. இப்ப யார் சிரிக்கறாங்க? ஒருத்தன் சிரிக்கல. அடெல்மோகிட்டயும் பேசிட்டேன். அவன் சரின்னுட்டான்."

"நான் எழுதின தாள் எங்க?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

நீவெஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் குரலைத் தணித்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்: "யோசிச்சுப் பாரு நீவெஸ். வண்டி யாரோடது? என்னோடது. எஞ்சின் யாரோடது? என்னோடது. அதை வித்த காசுலதான் பொண்ணுக்கு வைத்தியம் நடந்தது. அப்ப குடுத்தது யாரு? ஒருவிதத்துல பாத்தா நான் சொன்னது உண்மைதானே?"

"நீ மாட்டேன்னு சொன்ன. இதே எடத்துல நின்னு சொன்ன."

"அதெல்லாம் எப்பவோ. எனக்கு ஞாபகமில்ல" என்றான். அவன் முகத்தைப் பார்த்தபோது அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லாமல் போக ஆரம்பித்திருந்தது.

மொரேனாவுக்குச் சொன்னபோது அவள் கொதித்தாள். "அம்மா, எல்லார் முன்னாடியும் நீ சொல்லு. நான் வந்து பக்கத்துல நிக்கறேன். முதுகுத் தழும்பைக் காட்டறேன்."

"சொன்னா அவர் எழுதிக் குடுத்தது பொய்னு ஆயிடும். நம்பர் அடிச்சது யாருன்னு திரும்பக் கேப்பாங்க. அடெல்மோ..."

"எப்பவும் யாராவது ஒருத்தர் இருக்காங்க, உனக்குக் குறுக்க" என்றாள் மொரேனா. "நான் அந்த வீட்டுக்கு வரலை. கிறிஸ்துமஸுக்கும் வரலை. நீ வேணா பார்மாவுக்கு, என் வீட்டுக்கு வா."

டிசம்பரில் சங்கத்தின் வருடாந்திர விருந்து நடந்தது. எர்மெஸ் புதுச் சட்டை போட்டுக்கொண்டான். மனைவி வராவிட்டால் பேச்சு வரும் என்று அவளையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனான். கூடத்தின் நடுவில் ஒயின் நிறப் பெல்லெந்தானியைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை. அதில் வண்டியின் வரலாறும், ஒரு தகப்பனின் தியாகமும் அச்சடித்திருந்தது. கடைக்காரன் அவளிடம் வந்து கைகுலுக்கினான். "இந்தக் கதையோட சேத்துத்தான் விக்கப் போறேன் சிஞ்ஞோரா. அந்த எஞ்சினே இருந்திருந்தாக்கூட இவ்வளவு பேர் கேட்டிருக்க மாட்டாங்க."

சூப்பில் மிதந்த தொர்த்தெல்லினி வந்தது, பருப்போடு பன்றிக்கால் வந்தது. நீவெஸ் கரண்டியைத் தொடவில்லை. அடெல்மோவைச் சக்கர நாற்காலியில் அவன் மகள் கொண்டுவந்திருந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சங்கத் தலைவர் எழுந்து எர்மெஸைப் பேசச் சொன்னார். அவன் நன்றாகவே பேசினான். லியோன் மருத்துவமனையின் தாழ்வாரத்தைப் பற்றிச் சொன்னான். பச்சைச் சுவர், ஏழு மணி நேரம், குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டே இருந்த ஒரு நர்ஸ். எல்லாம் நீவெஸ் அவனுக்கு எப்போதோ சொன்னவை. அந்தப் பெஞ்சில் இப்போது அவன் உட்கார்ந்திருந்தான்.

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. இலாரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைவர் நீவெஸைப் பார்த்து, "சிஞ்ஞோரா, உங்களுக்குத் தெரிய வந்தப்ப எப்படி இருந்தது?" என்று கேட்டார். எல்லாத் தலைகளும் திரும்பின. அடெல்மோவும் அப்போதுதான் அவளைப் பார்த்தான். மூக்கில் குழாய், கண்ணில் கெஞ்சல்.

"ஆச்சரியமா இருந்தது" என்றாள் நீவெஸ்.

மறுபடி கைதட்டினார்கள்.

வெளியே மூடுபனி. மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போட்டுக்கொண்டு வண்டிகள் ஊர்ந்தன. எர்மெஸ் வண்டியின் கியர் தானாக மாறுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான். ஃபோர்மீஜினே வளைவு தாண்டியதும் நீவெஸ், "நிறுத்து" என்றாள்.

"வாந்தி வருதா?"

அவள் கதவைத் திறந்து இறங்கி, சாலையோரமாக நடக்க ஆரம்பித்தாள். விருந்துக்கென்று போட்ட செருப்பு ஈரப்புல்லில் வழுக்கியது. வண்டி பக்கத்திலேயே மெதுவாக வந்தது. கண்ணாடி இறங்கியது.

"நீவெஸ், ஏறு. என்ன பைத்தியக்காரத்தனம் இது? சங்கத்து ஆளுங்க பின்னாடி வந்துட்டிருக்காங்க, பாத்தா என்ன நினைப்பாங்க?"

அவள் நடந்தாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. எர்மெஸ் திட்டிக்கொண்டே முன்னால் போய்ப் பனிக்குள் மறைந்தான்.

பார்மாவுக்குப் போய்விடலாம் என்று நினைத்தாள். பை வண்டியில் இருந்தது. மொரேனாவின் வீடு இரண்டே அறை. பேரப்பிள்ளைகள் கூடத்தில் படுக்கிறார்கள். எழுபத்துமூன்று வயதில் அங்கே போய் எந்த மூலையில் படுப்பது? இன்றைக்குப் போனால் நாளைக்கு என்ன செய்வது? இருநூறு அடி தாண்டுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. குளிர் முழங்கைவரை ஏறியது. பேருந்து நிறுத்தத்தின் பக்கத்தில் சாம்பல் நிற வண்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தது.

அவள் ஏறினாள்.

எர்மெஸ் வண்டியை எடுத்தான். கொஞ்ச தூரம் போன பிறகு, அவள் கைகளைத் தேய்ப்பதைப் பார்த்தான்.

"சீட் சூடாகும், தெரியுமா உனக்கு? அங்க பட்டன் இருக்கு, அமுக்கு."

அவள் அமுக்கவில்லை. அவனே கையை நீட்டி அமுக்கினான்.